ஞாயிற்றொளியும் நகரும் இல்லமும்

பழைய பஸ் வண்டியொன்றை வீடாக்கிக் கூரையிலே சூரியத் தகடுகளைப் பொருத்திவிட்டால், எண்ணெய்ச் செலவின்றி நாடெங்கும் சுற்றலாமன்றோ என மாணவனொருவன் இலக்கண வகுப்பின் நடுவே எம்மை வினவினான். புணர்ச்சி விதியை ஒருபுறம் வைத்துக் கரும்பலகையிலே கணக்கிடலானோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே இம்முயற்சி பலராலும் கைக்கொள்ளப்படுகின்றது. சேவையினின்று நீக்கப்பட்ட பாடசாலைப் பஸ்களை வாங்குவோர் ஆசனங்களைக் கழற்றித் தளப்பலகையைப் பெயர்ப்பர். அடியிலே மறைந்துள்ள துருவை முற்றாகச் சுரண்டிப் பூச்சிட்ட பின்னரே வெப்பங்காக்கும் பொருளைப் பதித்தல் வேண்டும். இவ்வேலையிற் சோம்பியவர் ஈராண்டு கழித்து யாவற்றையும் மீளப் பெயர்க்க நேரிடும். அப்பஸ்களின் மஞ்சள் நிறம் 1939ஆம் ஆண்டிலே கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிற் கூடிய மாநாட்டில் வகுக்கப்பட்டதாகும். வீடாக்குவோர் அதனை மாற்றவேண்டுமெனப் பல மாநிலங்கள் விதித்துள்ளன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பெரிய பஸ்ஸின் கூரை ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் அகலமும் உடையது. வளைவும் காற்றுவாயில்களும் போகச் சுமார் 20 சதுர மீற்றரிலே தகடு பரப்பலாம். 1954ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தார் வெளியிட்ட சிலிக்கன் கலம் தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்னாக்கிற்று. இக்காலத் தகடுகள் 20 பங்குக்கு மேல் ஆக்குகின்றன. ஆகவே உச்சி வெயிலில் அக்கூரை 4 கிலோவாற்று வரை தரும். இழப்புக்களைக் கழித்தால், நல்ல வெயில் நாளொன்றிலே 15 கிலோவாற்று மணி, அதாவது மின்கட்டணச் சீட்டிற் காணும் 15 அலகு, கைக்கு வரும்.

பாரமான மின்சார பஸ் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய ஓரலகு வேண்டும். நாள் முழுதும் காய்ந்த வெயில் 15 கிலோமீற்றர்ப் பயணத்துக்கே போதுமானது! இதனை அறியாது பழைய எஞ்சினைக் கழற்றிச் சேமிப்பனைத்தையும் கொட்டுபவனுக்கு ஏமாற்றமே எஞ்சும்.

ஆயின் அதே 15 அலகு இல்லத்துக்குப் பெருஞ்செல்வம். குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஓரலகு. விளக்கு, விசிறி, நீர்ப்பம்பி ஆகியவற்றுக்கு இன்னுமோரலகு. மின்னடுப்பிலே சமைத்தால் மேலும் இரண்டு. அறையைக் குளிரூட்டும் பொறி மட்டும் பெருந்தீனிக்காரன். இரவுக்கென மின்னைச் சேமிக்கும் இலிதியம் மின்கலங்கள் பாரமானவை. அவற்றைச் சில்லுகளுக்கிடையே தாழ்வாக இருத்தல் நன்று. உறைபனிக் குளிரிலே அவற்றுக்கு மின்னேற்றினால் பழுதுபடும். வேறொரு சங்கடமும் உண்டு. தகடொன்றின் மூலையிலே விழும் மரநிழல், அதனோடு தொடராக இணைத்த வரிசை முழுவதையும் தளர்த்திவிடும். உள்ளிருப்பவன் நிழலைத் தேடுவான். கூரையோ வெயிலை நாடும்.

ஓட்டத்துக்கும் ஞாயிற்றையே நம்பிய இல்லவண்டி இல்லாமலில்லை. 2021ஆம் ஆண்டிலே நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்தெல்லா வீற்றா' என்னும் வண்டியிலே ஸ்பெயின் பெருநிலத்தின் தென்முனையான தரீபா வரை சென்றனர். அது பழைய வண்டியைத் திருத்தியதன்று. தொடக்கத்திலேயே இலேசாகக் கட்டப்பெற்றது. எடை 1,700 கிலோகிராம் அளவே. நிறுத்திய வேளையிலே அதன் கூரை உயர்ந்து, இருபுறமும் தகடுகள் சிறகுபோல் விரிந்து 17.5 சதுர மீற்றராகும்.