எதைக் கையில் கொண்டு போனோம்?

"புத்தளத்துக்குப் போனவங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறாங்க, இனி என்னத்துக்கு மறிச்சுக்கட்டி?" என்று கேட்பவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில்தான் கோளாறு. ஒரே நாட்டிலிருந்து போனவர்கள்கூட ஒரே மாதிரி எழும்புவதில்லை.

பாகிஸ்தானியரைப் பாருங்கள். அமெரிக்காவில் அவர்கள் என்றால் டாக்டரும் இஞ்சினியரும்தான் நினைவுக்கு வருவார்கள். பிரித்தானியாவிலோ வறுமை கூடிய சமூகங்களில் அவர்களும் ஒன்று. மார்க்கமும் நாடும் ஒன்றுதான். புறப்பட்ட விதம் வேறு. 1965இன் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா போனவர்களில் பலர் பட்டத்தோடு போனார்கள். பிரித்தானியாவுக்குப் போனவர்களில் பெரும்பகுதி மீர்ப்பூர்ப் பக்கத்து விவசாயிகள். 1960களில் ஜீலம் ஆற்றில் மங்களா அணை எழும்பியபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இடமிழந்தார்கள். அவர்களில் பலர் பிராட்ஃபோர்ட் போன்ற ஊர்களின் துணி ஆலைகளில் இராவேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு ஆலைகள் மூடின. உடலுழைப்பை மட்டும் கொண்டு போனவனுக்கு அதோடு எல்லாம் முடிந்தது.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எல்லாரும் வெறுங்கையோடு வந்தோம் என்கிறோம். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஆசிரியருக்கும் அரச உத்தியோகத்தருக்கும் சம்பளம் பின்னாலேயே வந்தது. கொழும்பு முதலாளிமாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்த வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்குக் கிடைத்தது. முசலிப் பக்கத்து வயற்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் சொத்து மண்ணிலும் கரையிலும் கிடந்தது; அதைத் தூக்கிக்கொண்டு வர ஏலுமா? கற்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு நின்றார்கள். புத்தளத்து மக்கள் சோறும் இடமும் தந்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனாலும் ஆள் பெருகினால் கூலி இறங்கும், உள்ளூர் ஏழைக்கும் சேர்த்து. பிறகு பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். அந்தக் காசில் எழும்பிய கல்வீட்டைக் காட்டித்தான் "நல்லாத்தானே இருக்கிறாங்க" என்கிறோம்.

2009க்குப் பிறகு ஊர் திரும்பும் பேச்சு வந்தபோது வித்தியாசம் இன்னும் பெரிசாகத் தெரிந்தது. வசதியானவருக்குப் புத்தளத்தில் வீடு, ஊரில் காணி, இரண்டும். இல்லாதவருக்கு ஊர்க்காணி ஒன்றுதான். அதிலும் இருபது வருசக் காடு. போதாததற்கு 2012 ஒக்டோபர் வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்கக் காடாக்கியது. அன்று ஒரே குடும்பமாக வந்தவர்கள் இன்று நாலைந்து குடும்பம். பெர்மிட்டோ வாப்பாவின் பேரில் ஒன்றுதான். அதையும் வெளியேறிய அன்று பெட்டிக்குள்ளேயே விட்டுவந்தவர்கள் உண்டு.