கஷிஷ்: மும்பையின் பால்புதுமையினர் திரைப்பட விழா

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தளர்த்தியது. அடுத்த ஏப்ரலிலேயே மும்பையில் கஷிஷ் தொடங்கியது. இயக்குநர் ஸ்ரீதர் ரங்கயன் அதன் நிறுவனர். 1990 முதல் வெளிவந்த ‘பாம்பே தோஸ்த்’ இதழும் தோள்கொடுத்தது.

அதுவரை பால்புதுமையினர் படங்கள் பெரும்பாலும் கலாச்சார மையங்களிலும் நண்பர் வீடுகளிலும்தான் ஓடின. கஷிஷ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியைப் பெற்று, ஊரே வந்துபோகும் மல்டிபிளெக்ஸில் படம் காட்டியது. அதன் ஆகப்பெரிய துணிச்சல் இதுதான். பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் தயங்காமல் வந்து உட்கார அது வழிசெய்தது.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விழா ஒதுங்கவில்லை. ஐந்தே மாதங்களில், 2014 மே மாதம், முன்னைவிடப் பெரிய இடத்துக்கு வந்தது: 1949-இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 1,200 இருக்கைகள் கொண்ட லிபர்ட்டி திரையரங்கு. பயப்பட எல்லாக் காரணமும் இருந்த ஆண்டில் எடுத்த முடிவு அது. விழாவின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமும் அதுவே.

377-இன் அந்தத் தடை 2018 செப்டம்பர் 6 அன்று நீங்கியது. அது மீண்டும் நடைமுறையில் இருந்த காலத்தில் மட்டும் ஐந்து கஷிஷ் விழாக்கள் நடந்தன.