மூவேந்தவேளான்: ஒரு பட்டத்தைப் பிரித்துப் படித்தல்

எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'ஆண்ட பரம்பரை' என்றிருக்கிறது. சாதிச் சங்க மாநாடு என்றால் கல்வெட்டிலிருந்து ஒரு பட்டத்தைப் பெயர்த்தெடுத்துச் சுவரொட்டியில் ஒட்டிவிடுகிறார்கள். பட்டம் இருந்ததா என்றால், இருந்ததுதான். யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு பட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரியின் பெயர் கல்வெட்டில் இப்படி வருகிறது: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இராஜராஜனுக்கும் அவன் தேவி உலகமாதேவிக்கும் அங்கே செப்புப் படிமம் எடுத்துவைத்தவர் இவர். பெயரைப் பிரித்துப் பாருங்கள். கிழவன் என்றால் வயசானவர் இல்லை. கிழமை, அதாவது உரிமை உடையவர். முதலில் நிலம் வருகிறது, அப்புறம் தகப்பன் பெயர், தன் பெயர். கடைசியில் 'ஆன' என்கிற ஒரு ஒட்டு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அரசன் போட்டது.

வேள் பழைய சொல். சங்கப் பாடல்களில் பாரி, எவ்வி போன்ற குறுநிலத் தலைவர்களுக்கு உரியது. பிற்கால உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வேளாளரை உழுதுண்போர், உழுவித்துண்போர் என்று இரண்டாகப் பிரிக்கிறார். வேள் என்ற உரிமை பின்னவருக்குத்தான். எம்.ஏ. வகுப்பில் இந்த உரையைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வேளாண்மையை நினைவூட்டுகிற பட்டம், ஏரைத் தொடாதவனுக்குப் போய்ச் சேர்கிறது.

'மூவேந்த' என்பது என்ன? 10ஆம் நூற்றாண்டிலேயே காணப்படும் இந்தப் பட்டம் இராஜராஜன் (985-1014) காலத்தில் பெருகுகிறது. மும்முடிச்சோழன் என்று அவனே பெயர் சூடிக்கொண்டவன். மூன்று முடியும் தன்னுடையது என்கிற அரசனின் உரிமைக்கோரல் அவனுடைய அதிகாரியின் பெயருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்றே நான் வாசிக்கிறேன். முன்னொட்டாகப் பெரும்பாலும் அரசனின் விருதுப்பெயர் ஒன்று சேரும். ஊரில் நிலம் வைத்திருந்தவனுக்கு அரசன் பெயர் கிடைத்தது. அரசனுக்கு ஊருக்குள் ஆள் கிடைத்தான்.

ஆகவே 'தென்னவன்' என்று இருப்பதால் ஆதித்தன் சூரியன் பாண்டியனாகிவிடவில்லை. காலிங்கராயன் என்று பட்டம் பெற்ற மணவிற்கூத்தன் கலிங்கத்தை ஆண்டவனில்லை. முதல் குலோத்துங்கனிடமும் விக்கிரமசோழனிடமும் சேவகம் செய்த படைத்தலைவன். பட்டம் சொல்வது ஆட்சியை அல்ல, யாருடைய ஆள் என்பதை.

அதே கோயிலில் இராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறான். பெருநாவிசன் என்று நாவிதருக்கும் பட்டம் உண்டு. தச்சனுக்கும் நாவிதருக்கும் பட்டத்திலும் தொழில் கூடவே நிற்கிறது. வேளானிடம் வேலை மறைந்து நிலம் மட்டும் நிற்கிறது. அப்படியானால் வேலை எங்கே போனது? அதே கோயிலின் கல்வெட்டுகளில், வரியில்லா நிலங்களின் பட்டியலில் தேடணும். குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அங்கே ஆள் பெயர் கிடையாது; 'ஆன' போட்டுச் சேர்க்க ஒரு பட்டமும் கிடையாது. இடம் மட்டும்தான்.

பட்டங்களைப் பொறுக்கி வரலாறு எழுதினால், பெயர் பொறிக்கப்படாதவர்களுக்கு வரலாறே இல்லை என்றாகிவிடும். தலித் நண்பர்கள் சிலரும் 'நாங்களும் ஆண்டவர்கள்தான்' என்று கல்வெட்டைத் தேடுகிறார்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் 'ஆண்டவனுக்குத்தான் மரியாதை' என்கிற விதியை ஒத்துக்கொண்டுதானே அந்தத் தேடல் தொடங்குகிறது? உழுதவன் பேரு எங்கடான்னு அதே கல்வெட்டைத் திருப்பிக் கேட்பதுதான் நமக்கு வேலை.