அறுக்காமல் அவிழ்ப்பது எப்படி?

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியை அடுத்துள்ள சக்கம்பட்டி, கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சிட்டம் சிக்கு விழுந்துவிட்டால் என்ன செய்வார்கள்? கத்தரிக்கோலைத் தேடுவார்களா? மாட்டார்கள். அவசரப்பட்டு இழுக்கவும் மாட்டார்கள். இழுத்தால் சிக்கு இறுகும். அறுத்தால் இழை வீணாகும். சிட்டத்தை உதறித் தளர்த்தி, எந்த இழை எதன் மேல் கிடக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக விலக்குவார்கள்.

இந்தப் பொறுமையையே ஒரு விளையாட்டாக்கிக் கம்ப்யூட்டர் திரையில் உலவ விட்டிருக்கிறார்கள்!

புள்ளியும் கோடும்

திரையில் சில புள்ளிகள் தெரியும். புள்ளிகளுக்கு இடையே கோடுகள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, சிலந்தி வலையைக் கலைத்துப் போட்டது போலக் கிடக்கும். ஆடுபவர் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் பிடித்து இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம். கோடுகளும் கூடவே நீண்டு சுருங்கி வரும். ஒரு கோடுகூட இன்னொரு கோட்டை வெட்டாதபடி செய்துவிட்டால் ஜெயம். கோட்டை அழிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் டன்டாலோ என்பவர் 2005-ல் 'பிளானாரிட்டி' என்ற பெயரில் இதை இணையத்தில் விட்டார். யோசனையைத் தந்தவர் மேற்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மேரி ராட்கிளிஃப் என்ற பெண்மணி. பிரிட்டனைச் சேர்ந்த சைமன் டாதம் என்பவரும் தமது இலவசப் புதிர்த் தொகுப்பில் 'அன்டாங்கிள்' என்ற பெயரில் இதே ஆட்டத்தைச் சேர்த்திருக்கிறார். இன்று செல்போனிலேயே ஆடலாம்.

சிக்கு பிறக்கும் விதம்

"அவிழவே அவிழாத சிக்கைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறீர்களா? அதற்கும் வழி செய்திருக்கிறார் டன்டாலோ. யந்திரம் முதலில் சில நேர்கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுகிறது. அவை சந்திக்கும் இடங்களையே புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. நான்கு கோடுகள் போட்டால் 6 புள்ளிகள். ஐந்து போட்டால் 10. ஆறு போட்டால் 15. பிறகு அந்தப் புள்ளிகளைக் கலைத்து நம்மிடம் நீட்டுகிறது. ஆகவே, விடை இருப்பது நிச்சயம். கண்டுபிடிப்பதுதான் நம் பாடு!

கை தேர்ந்தவர்கள் ஒரு யுக்தி செய்வார்கள். குறைந்த கோடுகள் உள்ள புள்ளியை முதலில் பிடித்து, அதன் சொந்தக்காரப் புள்ளிகளுக்கு நடுவே வைப்பார்கள். சில புள்ளிகளை வளையமாக வெளியே வேலி கட்டி, மற்றவற்றை உள்ளே தள்ளுவார்கள். சில வேளைகளில் வெட்டுகள் முதலில் கூடி, பிறகுதான் குறையும். நாலு வெட்டு கூடியதே என்று பயந்து பழைய இடத்துக்கே போகிறவர் தோற்றுவிடுவார்.

பத்தாவது சாலை

ஆனால் உலகத்துச் சிக்குகள் எல்லாம் இந்த விளையாட்டைப் போல அவிழ்ந்துவிடுமா? அதுதான் கிடையாது.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் மற்ற ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சாலை வேண்டும். ஒரு சாலை இன்னொன்றை வெட்டக் கூடாது; நடுவில் வேறு ஊருக்குள் நுழையவும் கூடாது. மொத்தம் 10 சாலைகள். சுற்றி வளைத்துப் போட்டாலும் சரி, ஊர்களையே இடம் மாற்றி வைத்தாலும் சரி, 9 சாலைகள்தான் போட முடியும். பத்தாவது சாலை ஏதாவது ஒன்றை வெட்டியே தீரும்!

மூன்று கிணறுகள், மூன்று தோட்டங்கள். ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி வாய்க்கால் வெட்டப் பாருங்கள். எட்டு வாய்க்கால் வரை சரியாக வரும். ஒன்பதாவது இடிக்கும்.

போலந்து நாட்டுக் கணித மேதை குரடோவ்ஸ்கி 1930-ல் ஒரு பேருண்மையை வெளியிட்டார். அவிழாத சிக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் வயிற்றுக்குள் இந்த ஐந்து ஊர்ச் சிக்கோ, மூன்று கிணற்றுச் சிக்கோ ஒளிந்திருந்தே தீரும் என்பதுதான் அது.

சூளையில் உதித்த கேள்வி

ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் பால் டுரான் ஒரு யூதர். 1944-ல் புடாபெஸ்ட் நகருக்கு அருகே ஒரு செங்கல் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார். சூளைகளிலிருந்து கிடங்குகளுக்குத் தண்டவாளத்தில் வண்டி தள்ள வேண்டும். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம் உண்டு. நேரான பாதையில் கஷ்டமில்லை. தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டி குதிக்கும், செங்கல் சரியும், வேலை கெடும். வெட்டுகளை எவ்வளவு வரை குறைக்கலாம் என்று அந்தத் துன்பத்துக்கு நடுவிலும் டுரான் யோசித்தார். இந்தக் கேள்விக்கு எல்லா எண்ணிக்கைக்கும் பொருந்தும் முழு நிரூபணம் இன்றுவரை கிடைக்கவில்லை!

தொட்டிப் பாலம் சொல்லும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இங்கே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. 1895-ல் கட்டி முடித்த அணையின் தண்ணீர் இந்தப் பக்கம் வர மலையே குறுக்கே நின்றது. மலையை நகர்த்த முடியுமா? சுரங்கம் குடைந்து தண்ணீரைக் கொண்டு வந்தார்கள்.

கால்வாயும் காட்டு ஓடையும் குறுக்கிடும் இடத்திலும் இதே கதைதான். ஒன்று, ஓடைக்கு மேலே தொட்டிப் பாலம் கட்டிக் கால்வாயைக் கடத்த வேண்டும். அல்லது கால்வாய்க்கு அடியில் ஓடைக்கு வழி விட வேண்டும். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் செலவு, ஒவ்வொன்றுக்கும் காவல். வெள்ளத்தில் அந்த ஓரிடம் உடைந்தால் கடைமடைக்காரன் வயல் காய்ந்துவிடும். அதனால்தான் வரைபடத்திலேயே வெட்டுகளைக் குறைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

செல்போனுக்குள் இருக்கும் மின்பாதைகளும் அப்படித்தான். ஒரே தளத்தில் வெட்டிக்கொள்ளாமல் போட முடியாதபோது, அடுக்கடுக்காகத் தகடு வைத்து ஒன்றின் கீழ் ஒன்றாகக் கடத்துகிறார்கள்.

நகர்த்தினால் அவிழும் சிக்குக்குப் பாலம் கட்டுவது வீண் செலவு. அவிழவே அவிழாத சிக்கோடு மல்லுக்கட்டுவது வீண் உழைப்பு. எது எந்த வகை என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். இந்தச் சின்ன விளையாட்டு சொல்லும் பெரிய பாடம் இதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? ஒரு பென்சிலை எடுங்கள். அந்த ஐந்து ஊர்களில் போடி - கம்பம் சாலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற 9 சாலைகளையும் வெட்டாமல் போடுங்கள் பார்ப்போம். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் மூன்றையும் முக்கோணமாக வையுங்கள். போடியை அதற்கு உள்ளே வையுங்கள். கம்பத்தை எங்கே வைப்பது என்று வீட்டுக் குழந்தைகளைக் கேளுங்கள்; அவர்களே சொல்லிவிடுவார்கள்!