விகுதியாகிவிட்ட உருவங்கள்

ஆங்கில பாஷையில் உருவத்தைக் குறிப்பதற்கு இன்று சாதாரணமாக வழங்கும் சொற்களை எடுத்துப் பார்த்தால், ஃபார்ம், ஃபிகர், சர்க்கிள், ட்ரையாங்கிள், ரவுண்ட் என்று அவற்றுட் பெரும்பாலானவை லத்தீனிலிருந்து, நேராகவோ பிரெஞ்சு மொழியின் வழியாகவோ வந்து குடியேறியவை என்பது புலனாகும். 1066ஆம் ஆண்டில் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தின் சிங்காதனத்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர் அந்நாட்டு ஜனங்கள் உருவத்தைப் பற்றிப் பேசாமலா இருந்தார்கள்? அவர்களுக்கென்று சொந்தச் சொற்கள் இருந்தன. அவற்றுட் சில வழக்கொழிந்தன. சில பொருள் சுருங்கின. வேறு சிலவோ தனிச்சொல் என்னும் அந்தஸ்தை இழந்து, பிற சொற்களின் ஈற்றில் ஒட்டிக்கொண்ட விகுதிகளாய் இன்றும் ஜீவித்திருக்கின்றன. இந்தக் கடைசி வகையைத்தான் நான் பெரிதும் ரசிக்கிறேன்.

தப்பிப் பிழைத்த பழங்குடிச் சொற்களுள் முதன்மையானது 'ஷேப்' என்பது. சட்டியின் வடிவையும் சட்டையின் வெட்டையும் சொல்ல இன்று பயன்படுகிற இந்தச் சொல்லின் மூல வினையாகிய 'ஷியெப்பன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் சிருஷ்டித்தல் என்ற பெரும்பொருள் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடாலயத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கேட்மன் என்பவர், விருந்தில் யாழ் தம் கைக்கு வருமுன்பே பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்து போய்விடுபவர், கனவிலே ஆணை பெற்று உலக சிருஷ்டியைப் பாடினார் என்று 731ஆம் ஆண்டில் முடித்த சரித்திர நூலில் பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். ஒன்பதே அடிகள் கொண்ட அச்சிறு பாட்டில் கடவுள் படைத்தார் என்பதற்கு வரும் வினையும், படைத்தவன் என்பதற்கு வரும் பெயரும் இந்த 'ஷேப்' குடும்பத்தைச் சேர்ந்தவையே. உருவாக்கப்பட்டது எதுவோ அதுவே விதிக்கப்பட்டதும் ஆகும் என்று அக்காலத்தார் கருதினர் போலும். ஆகவே இதே சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. 'பேவுல்ஃப்' காவியத்தின் தொடக்கத்தில் ஷுல்ட் என்ற அரசன் இறந்த வேளை, வகுக்கப்பட்ட வேளை என்ற கருத்தில் இச்சொல்லாலேயே கூறப்படுகிறது. அக்காலக் கவிஞனைக் குறிக்கும் 'ஷாப்' என்ற பெயரும் இதே வேரினின்று வந்ததென்று பலர் உற்சாகமாக எழுதுவதுண்டு. கவிஞனைப் படைப்பவன் என்று சொல்வதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பது மெய்யே. ஆனால் உயிரெழுத்தின் மாத்திரை ஒத்துவரவில்லை. வட ஐரோப்பியக் கிளைமொழிகளில் அதன் உறவுச்சொல் ஏளனத்தைக் குறிக்கிறது. அழகான அபிப்பிராயம் என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள நான் தயாராயில்லை.

இன்று நிறத்தின் சாயலை மட்டும் குறிக்கும் 'ஹ்யூ' என்ற சொல்லும் ஒரு காலத்தில் தோற்றம், உருவம் என்ற முழுப்பொருளையும் தாங்கி நின்றதுதான். பிரெஞ்சுச் சொற்கள் பெருகிய பின் அதன் வசம் எஞ்சியது நிறம் ஒன்றே.

'லீக்' என்ற சொல்லின் கதை இவற்றினும் விசித்திரமானது. உயிருள்ளதாயினும் பிணமாயினும் உடலுக்கு இதுவே பெயர். இங்கிலாந்தின் பழைய மாதா கோயில்களில் கல்லறைத் தோட்டத்து வாயிலில் கூரை வேய்ந்த சிறு மண்டபம் ஒன்று நிற்பதைக் காணலாம். சவத்தைச் சுமந்து வருவோர் அதன் கீழே பாடையை இறக்கி வைத்துப் பாதிரியார் வரும்வரை காத்திருப்பார்கள். அதற்கு 'லிச்கேட்' என்று பெயர். அப்பழஞ்சொல் தன் முதற்பொருளோடு பொதுவழக்கில் எஞ்சியிருப்பது ஏறக்குறைய அங்கே மட்டுந்தான். ஆயினும் நண்பனின் உடலை, அதாவது உருவத்தை, உடையது என்று சொல்லிச் சொல்லியே 'ஃப்ரெண்ட்லி' என்ற சொல் பிறந்தது. ஈற்றிலுள்ள அந்த 'லி' நம்முடைய 'லீக்'கேதான். 'ஸ்லோலி', 'க்விக்லி' என்று ஆங்கிலப் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் வினையுரிச் சொற்களிலும் அதுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்புமை காட்டும் 'லைக்' என்பதும் அதன் வழித்தோன்றலே. எத்தகைய உருவம் என்று கேட்டது தேய்ந்து 'விச்' என்றும், அத்தகைய உருவம் என்றது தேய்ந்து 'ஸச்' என்றும் ஆயின. 'ஃப்ரெண்ட்ஷிப்' முதலானவற்றின் ஈறாகிய 'ஷிப்'பும் மேலே சொன்ன 'ஷேப்'பின் உறவுதான்.

பதினாறாம் நூற்றாண்டில், லத்தீனிலிருந்து வந்த கடன்சொற்கள் சாமானியருக்கு விளங்கமாட்டா என்று கவலைப்பட்ட ராபர்ட் ரெக்கார்ட் என்னும் வேல்ஸ் நாட்டு வைத்தியர், 1551ஆம் ஆண்டில் 'பாத்வே டு நாலெட்ஜ்' என்ற க்ஷேத்திர கணித நூலை ஆங்கிலத்திலேயே எழுதி, அதற்கு வேண்டிய பரிபாஷையையும் தாமே சமைத்தார். குறுங்கோணத்துக்குக் கூர்மூலை என்றும், விரிகோணத்துக்கு மழுங்கல் மூலை என்றும், தொடுகோட்டுக்குத் தொடும் கோடு என்றே பொருள்படும் 'டச் லைன்' என்றும் பெயரிட்டார். சமபக்க முக்கோணத்துக்கு அவர் இட்ட பெயர் 'த்ரீலைக்'. மூன்றும் ஒத்தது என்று பொருள். அந்தப் பழைய உடற்சொல் இங்கேயும் தலைகாட்டுகிறது. ஒரு தச்சனும் கேட்டவுடன் அறிந்துகொள்ளக்கூடிய இந்தச் சொற்களைப் பள்ளிக்கூடங்கள் ஏற்கவில்லை என்பது எனக்கு வருத்தமே. லத்தீன் கற்ற வாத்தியார்களின் கையில் கல்வி இருந்தவரை வேறு கதி அவற்றுக்கு வாய்த்திருக்கவும் இடமில்லை. 1558ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு சிறைச்சாலையில் அவர் இறந்தார். அவருடைய சொற்களும் அதிக காலம் நிலைக்கவில்லை.

நிலைத்தது அவர் 1557ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு நூலில் வருகிற ஒரு குறி. 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்ப்பதற்காக, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அவர் போட்டார். இவற்றினும் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் காட்டிய காரணம். உலகெங்கும் கணக்கு நோட்டுகளில் இன்று எழுதப்படும் சமக்குறி அதுதான். அக்கோடுகளுக்கு இரட்டையர் என்ற பொருளில் அவர் வைத்த பெயர் 'ஜெமோ'. அதுவோ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல்.