உங்களுக்குத் தெரியுமா? ஆகாயத்தாமரை வேரில் ஒரு சமுதாயம்

நந்தி மலையில் உற்பத்தியாகி, பெங்களூரின் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் எல்லைக்குள் நுழையும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெண்ணுரையாகப் பொங்கி வழிவதை நாம் அறிவோம். ஆனால் அந்நீர்த்தேக்கத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் கரிய வேர்த்தூவிகளில், கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளின் பெரியதொரு சமுதாயமே குடியிருப்பது பலரும் அறியாத விஷயம்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இத்தாவரம், இலை வழியே பெற்ற பிராணவாயுவில் ஒரு பகுதியை வேரின் வழியே கசியவிட, அதைக் கொண்டு ஒருவகைப் பாக்டீரியாக்கள் கழிவுநீரிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத அடுக்கில் வசிக்கும் வேறுவகையினவோ, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்திற்கே அனுப்பிவிடுகின்றன. வேரைப் போர்த்திய வழவழப்பான ஒரு மெல்லிய படலத்துக்குள் இத்தனை ரசாயன காரியங்களும் நிகழ்வது எத்துணை ஆச்சரியம்!

நீருக்குள் மூழ்கி வளரும் பாசிச்செடிகளின் கதி வேறு. சலவைத்தூளிலும் சாக்கடையிலும் வரும் பாஸ்பேட் மிகுந்தால், அவற்றின் இலைமேல் நுண்பாசி கனத்துப் படிந்து சூரிய ஒளியை மறைக்க, செடி மடிகிறது. அதை அண்டி வாழ்ந்த நுண்ணுயிர்க் குடும்பமும் கலைகிறது.

துத்தநாகம், குரோமியம் முதலிய உலோகங்களையும் ஆகாயத்தாமரையின் வேர்கள் ஈர்த்துவைக்க வல்லவை. ஆதலால், அகற்றிய செடிகளைக் கரையிலேயே குவித்து அழுகவிடுதல் அறவே கூடாது. அவை பிடித்துவைத்த பாஸ்பரஸும் உலோகமும் மழையோடு மீண்டும் நதியில் கலந்து, 1950-களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையை நோக்கிப் பிரயாணப்படும்.