தொண்டைமானும் கலிங்கமும்

நேயர்களே, தொண்டைமானாறு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது செல்வச்சந்நிதி முருகன் கோயிலாகத்தான் இருக்கும். எனக்கோ அந்த ஊர்ப்பெயர் நெடுநாள் ஒரு கேள்வியாக இருந்தது. ஆறு என்கிறோம், உண்மையில் அது கடலோடு சேரும் ஒரு நீரேரி. தொண்டைமான் யார்? முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் என்பதும், இப்பகுதியின் உப்பை மரக்கலங்களில் ஏற்றுவதற்காக அவனே இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பதும் யாழ்ப்பாணத்து மரபு.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடும் வீரனும் இவனே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திறை செலுத்தத் தவறிய கலிங்க வேந்தன் அனந்தவர்மன் மீது இவன் படை நடத்தினான். பரணி நூல்கள் தோற்றவர் பெயரால் வழங்குவது மரபு. ஆகவே தோற்றவர் பெயர் நூலில் நின்றது. வென்றவன் பெயர் நம் ஊரில் நின்றது. ஆனால் தோற்ற நாடு எது என்று நாம் கேட்பதேயில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையில், மகாநதிப் பக்கத்திலிருந்து கோதாவரிப் பக்கம்வரை நீண்டு கிடந்தது கலிங்கம். இன்றைய ஒடிசாவும் ஆந்திராவின் வடகரையும் அதனுள் அடங்கும். ஆற்றுப்படுகையில் நெல்லும், கரையோரத்தில் சிலிக்கா என்னும் பெரிய நீரேரியும் உள்ள நாடு. அதன் பழைய கல்வெட்டுகள் பிராகிருதத்தில் உள்ளன. அங்கு இன்று பேசப்படும் ஒடியாவும் அதே இந்தோ ஆரியக் குடும்பத்து மொழிதான். புவனேசுவரத்துக்கு அருகே சிசுபாலகட் என்னும் இடத்தில், பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாயில்கள் கொண்ட சதுரக் கோட்டை நகரொன்றை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள்.

நமக்கும் அது அந்நிய நாடன்று. புத்தரின் புனித தந்தம் கலிங்கத்துத் தந்தபுரத்திலிருந்து இலங்கைக்கு வந்ததாகப் பாளி நூல்கள் கூறும். பொலன்னறுவையை ஆண்ட நிசங்கமல்லன் தன்னைக் கலிங்கத்தவன் என்றான். 1215இல் அந்நகரைக் கைப்பற்றிய மாகனும் கலிங்கத்தவன் என்றே அறியப்பட்டான்.

தொண்டைமானுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 261 அளவில், அசோகன் கலிங்கத்தை வென்றான். ஒரு இலட்சம் பேர் மடிந்தனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் 13ஆவது பாறைச் சாசனத்தில் அவன் வருந்தினான். ஆனால் அச்சாசனம் கலிங்கத்தில் இல்லை. அங்குள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அது விடப்பட்டு, வேறு இரு சாசனங்கள் பொறிக்கப்பட்டன. எல்லா மக்களையும் தன் பிள்ளைகளாகக் கருதுவதாக அவற்றில் சொல்கிறான். போரைப் பற்றிய வருத்தம் மட்டும் இல்லை. வென்றவனின் வருத்தத்தை ஊரெல்லாம் படித்தது, இழந்தவர்கள் படிக்கவில்லை.

பரணியின் சந்த அழகில் நான் இன்றும் மயங்குகிறேன். எனினும் போர் என்பது என்ன என்பதைப் பட்டறிந்த மண் நம்முடையது. அழிந்த ஊர்களையும் விட்டோடிய வீடுகளையும் அறிந்த நாம், பரணியைத் தொண்டைமானின் பக்கம் நின்று மட்டும் படிக்க முடியாது. தௌலிப் பாறையில் எழுதாமல் விடப்பட்டதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.